ஆறு காரியங்கள்

நாங்கள் இருக்கும் இடத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. விளம்பரப் பலகையில் 'சீனியர் லிவிங்' என்று போட்டிருக்கிறது. உள்ளே குடியிருப்பவர்கள் 'கம்யூனிட்டி' என்கிறார்கள். வாசலில் நிற்கும் ஆட்டோக்காரத் தம்பிகளுக்கு இது 'பெருசுங்க காலனி'. தூத்துக்குடியில் இருக்கும் என் நாத்தனாருக்கு மட்டும் இன்றுவரை முதியோர் இல்லம்தான். "அண்ணன இல்லத்துல கொண்டு சேத்துட்டீங்களே மைனி" என்று முதல் வருடம் முழுக்க போனில் அழுதாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முதியோர் இல்லம் என்றால் நம் சினிமா நமக்குக் காட்டியது ஒரே காட்சிதான். மகனின் கார் கிளம்பிப் போகும், மஞ்சள் பையோடு அப்பா வாசலில் நிற்பார்.

உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வகை இடங்களாவது இருக்கின்றன. யாருமற்றவர்களுக்கான இலவச இல்லம் ஒன்று. சாவித்திரி வைத்தி 1978இல் சென்னையில் தொடங்கிய விஸ்ராந்தி அப்படிப்பட்டது. முன்பணமும் மாதக் கட்டணமும் வாங்கிக்கொண்டு அறை கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது எங்களுடையது. வீட்டை விலைக்கு வாங்கிவிட வேண்டும், அதன்பின் சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் மாதாமாதம் கட்ட வேண்டும். கோவையைச் சுற்றி இந்த மூன்றாவது வகை கடந்த இருபது ஆண்டுகளில் பெருகிவிட்டது. சென்னையளவு வெக்கை இல்லை, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்க விமான நிலையம் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை வேறு.

2019 ஜூனில் இங்கே வந்தோம். என்னோடு சென்னையில் ஒரே பள்ளியில் வேலை பார்த்த தோழி ஒருத்தி, கணவர் போனபிறகு தனியாக இருப்பவள், "வரலாமா வேண்டாமா, நீ சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம் ஒருநாள் வா என்கிறேன், மறுநாள் வராதே என்கிறேன். எழுதிப் பார்த்தால் எனக்கே ஒரு தெளிவு வரும் என்று தோன்றியது. தெளிவு எனக்கு இப்போது அவளைவிட அவசரமாகத் தேவைப்படுகிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

*

முதலில், ஏன் வந்தோம்.

நங்கநல்லூரில் எங்களுக்கு இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட். லிஃப்ட் கிடையாது. என் மாமியார் அங்கேதான் மூன்று வருடம் நாலு மாதம் படுக்கையில் இருந்தார். நான் பள்ளிக்கூட வேலையையும் விடவில்லை. காலையில் அத்தையைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி கொடுத்து, மதியத்துக்கு ஒரு அம்மாவை உட்கார வைத்துவிட்டு ஓடுவேன். மாலையில் வந்து மறுபடி முதலிலிருந்து. இவர் உதவி செய்யாதவர் இல்லை. ஆனால் அத்தைக்கு மகன் தன்னைத் துடைப்பது கூச்சம். அதனால் எல்லாம் என் கையில்தான்.

கூட்டுக் குடும்பம் இருந்தவரை வயசானவர்களுக்குக் குறை இல்லை என்று எங்கள் மீட்டிங்கில் யாராவது அடிக்கடி பேசுவார்கள். பேசுபவர் ஆணாக இருப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அந்தக் குடும்பங்களில் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது யார் என்று எங்களுக்குத் தெரியும். அத்தைக்குச் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அதே மாதிரி எனக்குச் செய்ய என் மருமகள் வேலையை விட்டுவிட்டு டெக்ஸாஸிலிருந்து வர வேண்டும் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை. மகள் பெங்களூரில். அவளுக்கு அவளுடைய மாமியார் மாமனார் இருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி அறுபது வயது தாண்டியவர்கள் இந்திய மக்கள்தொகையில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். அதற்குப் பிறகு இந்த விகிதம் ஏறித்தான் இருக்கும். பிள்ளைகள் குறைந்து, ஆயுள் கூடிய மாநிலம் இது. எங்கள் கதை எங்களுக்கு மட்டுமானது அல்ல.

*

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1979இல் எனக்குக் கல்யாணம். அன்றிலிருந்து நாற்பது வருடம், காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்ற வைக்காத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரசவத்துக்கு ஊருக்குப் போன நாட்கள், மஞ்சள் காமாலையில் கிடந்த நாட்கள், அவ்வளவுதான். இங்கே வந்த முதல் நாள் காலை ஏழே முக்காலுக்கு டைனிங் ஹாலுக்குப் போனோம். தட்டில் இட்லி வந்தது. யாரோ ஆட்டிய மாவு, யாரோ அரைத்த சட்னி. எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்துபோய் பக்கத்து மேசைக்குச் சாம்பார் ஊற்ற ஆரம்பித்துவிட்டேன். பரிமாறுகிற பெண் வந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறமுங்க" என்றாள்.

எனக்கு அது பழக ஒரு மாதம் ஆனது. பழகியபின் எனக்குக் கிடைத்த நேரத்தை என்னால் நம்ப முடியவில்லை. லைப்ரரியில் இருந்த தடித் தடியான நாவல்களை எல்லாம் படித்தேன். அறுபத்து மூன்று வயதில் வீணை கற்றுக்கொள்ள ஆரம்பித்த ஒருவர் இங்கே இருக்கிறார். இங்கு வந்து ஒரு வருடத்தில் பெண்கள் முகம் தெளிந்துவிடுகிறது. இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆண்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் ஆபீசைத் தேடுகிறார்கள். அதனால்தான் இத்தனை கமிட்டிகள். காபி டிகாக்ஷன் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கூட்டம் நடந்திருக்கிறது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தை மூன்று வருடமாக நோட்டுப் போட்டு எழுதி வருகிறார். சிரிப்பாக இருந்தாலும், அந்த நோட்டுதான் ஒருமுறை நிர்வாகம் மின்கட்டணத்தை இரண்டு முறை எங்கள் தலையில் கட்டியதைக் கண்டுபிடித்தது.

அடுத்தது பாதுகாப்பு. படி கிடையாது, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவுகள், குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, இழுத்தால் நர்ஸ் அறையில் மணியடிக்கும் சிவப்புக் கயிறு. எதிர்வீட்டு அம்மா தனியாக இருப்பவர். ஒருநாள் விடிகாலை இரண்டு மணிக்குக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கயிற்றை இழுத்தார். ஐந்து நிமிடத்துக்குள் நர்ஸ் வந்தாள், அரை மணியில் ஆம்புலன்ஸ் கிளம்பியது. சென்னையில் அவர் இருந்த ஃப்ளாட்டில் என்றால், வேலைக்காரி வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்திருப்பார். இன்று வாக்கர் பிடித்துக்கொண்டு டைனிங் ஹாலுக்கு வருகிறார்.

மூன்றாவது, பேச்சுத் துணை. வயதானபிறகு நட்பு புதிதாக வராது என்று நினைத்திருந்தேன். மாலை ஆறு மணிக்கு நடக்கப் போகும்போது ஒரே மாதிரி முட்டி வலி உள்ள நாலு பேர் சேர்ந்துகொள்கிறோம். வலியைப் பற்றிப் பேசிச் சலித்தபின் வேறு பேச்சு வருகிறது. மகன், மருமகள் வீட்டில் ஒரு அறையில் டிவியோடு இருக்கும் என் அக்காவைவிட நான் நாளொன்றுக்கு நிறையப் பேசுகிறேன், நிறையச் சிரிக்கிறேன்.

*

இனி மறுபக்கம்.

அடுப்படியை விட்டேன் என்று சந்தோஷப்பட்டேனே, அதோடு சேர்ந்து போனது என்ன என்று புரிய ஒரு வருடம் பிடித்தது. என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்கிற உரிமை போய்விட்டது. பொது அடுக்களை சைவம். வாரத்துக்கு ஒரு மெனு, ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். மீன் வாசனை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை. வீட்டில் சமைக்கக் கூடாது என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் முதல் முறை நெத்திலி வறுத்த அன்று சாயங்காலமே வாட்ஸாப் குழுவில் 'அண்டை வீட்டாரின் உணர்வுகளை மதிப்போம்' என்று ஒரு செய்தி வந்தது. யார் பெயரும் இல்லை. இவர் அதைப் படித்துவிட்டு, "நாப்பது வருஷம் மெட்ராஸ்ல இருந்தோம், ஒருத்தரும் நம்மகிட்ட இப்படிச் சொன்னதில்லையே" என்றார். சொந்தக் காசு கொடுத்து வாங்கிய வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைக்கிறேன்.

இது மீன் சமாசாரம் மட்டும் இல்லை. இங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதன் சமாசாரம். விளம்பரத்தில் சாதி என்ற சொல் இருக்காது. 'பாரம்பரிய சாத்வீக உணவு' என்று இருக்கும். விலை ஒரு சல்லடை, சாப்பாடு இன்னொரு சல்லடை. இரண்டிலும் சலித்து உள்ளே வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். வங்கி, ரயில்வே, பொதுத்துறை, கல்லூரி. பெரும்பாலோர் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில். எங்கள் பள்ளியில் ஆயாவாக இருந்தவருக்கும் அறுபத்தைந்து வயதாகிறது. அவருக்கும் முட்டி வலிக்கிறது. அவர் இந்தக் கதவுக்குள் வர வேண்டுமானால் பாத்திரம் தேய்க்கத்தான் வர முடியும்.

2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், ஆதரவற்ற முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேராவது தங்குகிற மாதிரி, மாநில அரசு இல்லங்கள் அமைக்கலாம் என்று இருக்கிறது. 'அமைக்கலாம்', அவ்வளவுதான். அமைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பிள்ளைகளிடமிருந்து வாங்கித் தரும் பராமரிப்புத் தொகைக்கும் அந்தச் சட்டம் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அந்தப் பணத்தில் இங்கே ஒருவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கூடக் கட்டுப்படியாகாது.

எங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வெளியில் இருந்து வருகிறவர்கள்தான். நர்ஸ்கள் கேரளத்துப் பிள்ளைகள். அடுக்களையில் ஒடிசா, அஸ்ஸாம் பையன்கள். கூட்டித் துடைக்க அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு அம்மாவோ பாட்டியோ உண்டு. எங்கள் வீட்டைத் துடைக்கும் பெண்ணின் மாமியாருக்குப் பக்கவாதம். "அவங்கள யாரு பாத்துக்கறா?" என்று கேட்டேன். "ஸ்கூல் விட்டு வந்து எம்மக பாத்துக்குமுங்க" என்றாள். மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் மாமியாரை விட்டுவிட்டு எங்களைக் கவனிக்க வருகிறாள் என்பதை மறந்துவிட்டு இந்த இடத்தின் நிறைகுறைகளைப் பட்டியல் போட எனக்கு முடியவில்லை.

*

முடிவெடுக்கும் உரிமையைப் பற்றிச் சொன்னேன். 1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வு பிரபலமானது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் விஷயங்களை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தண்ணீர் விடுவது அவர்கள் பொறுப்பு. இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் நர்ஸ்கள் தண்ணீர் விட்டுக்கொள்வார்கள், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்துக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள்.

இங்கே எங்கள் வீட்டு முன்னால் நான் ஒரு கருவேப்பிலைக் கன்று வைத்திருந்தேன். எல்லா வீட்டு முகப்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று புல் போட்டார்கள். கன்றை நாங்கள் பின்பக்கம் மாற்றித் தருகிறோம், தோட்டக்காரர் தண்ணீர் விடுவார், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார் மேனேஜர். 'உங்களுக்கு எதற்குச் சிரமம்' என்ற வார்த்தையை இங்கே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கலாம். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அப்படி ஒவ்வொரு சிரமமாக வாங்கிக்கொண்டு போனபின் கடைசியில் கையில் ரிமோட் மட்டும் மிஞ்சும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது இந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்தோம். அடுக்களைப் பையன்கள் உள்ளேயே தங்கிச் சமைத்தார்கள். மூன்று வேளையும் சாப்பாடு வாசலுக்கு வந்தது. மாத்திரை வந்தது. சென்னையில் தனியாக இருந்த எங்கள் வயதுக்காரர்கள் பால் வாங்கத் தவித்தபோது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதே சமயம் வெளிக்கதவு பூட்டப்பட்டது. அரசு ஊரடங்கைத் தளர்த்திய பிறகும் எங்கள் கதவு மாதக்கணக்கில் திறக்கவில்லை. பெங்களூரிலிருந்து இ-பாஸ் வாங்கி வந்த மகள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இருபது நிமிடம் எங்களோடு பேசிவிட்டுத் திரும்பிப் போனாள். எங்களை யாரும் கேட்கவில்லை. உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்கள். எங்கள் நல்லதுக்குத்தான் என்பதும் உண்மைதான். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

*

பணத்தைப் பற்றித் தோழிக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் சேர்ந்தபோது சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு மாதம் 21,000 ரூபாய். இப்போது 36,000. இவருக்கு வங்கி ஓய்வூதியம். அதில் அகவிலைப்படிதான் ஏறும், அடிப்படை ஓய்வூதியம் ரிட்டயர் ஆன நாளில் என்னவோ அதுதான். கட்டணம் மாடியேறுகிற வேகத்தில் ஓய்வூதியம் ஏறாது. எழுபது வயதில் சேரும்போது தொண்ணூறு வயது வரைக்கும் கணக்குப் போட வேண்டும். இங்கே தொண்ணூறைத் தாண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் சேமிப்பு தீர்ந்து, பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று இங்கே வந்தார்களோ, அந்தப் பிள்ளைக்கே.

வீடு நம் பெயரில் பத்திரமானாலும், அது மற்ற வீட்டைப் போல இல்லை. பிள்ளைகளுக்கு வாரிசுரிமை உண்டு, ஆனால் குடியிருக்க வயது வரம்பு உண்டு. விற்கலாம், ஆனால் நிர்வாகம் வழியாகத்தான் விற்க வேண்டும், அதற்கொரு கட்டணம். நாம் போனபின் வீடு பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டியவர் வேறு, சேவை நடத்துகிறவர் வேறு என்றால் சிக்கல் இன்னும் கூடும். ஓய்வுகால இல்லங்களுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கட்டுநர், சேவை தருபவர், வீடு வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அதில் முக்கியமானது. மாதிரி நெறி என்பதால் மாநிலங்கள் எடுத்துக்கொண்டால்தான் அதற்கு வலு. வாங்குகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது நல்லது.

*

இப்போது எனக்கு ஏன் அவசரம் என்பதற்கு வருகிறேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு மத்தியானம் இவர் லைப்ரரியிலிருந்து திரும்பி வரும்போது, எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுக்குள் போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மாவிடம், "காபி போடலியா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல மனுஷி. காபி போட்டுக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரிப் புல், ஒரே மாதிரித் தூண், யாருக்குத்தான் குழம்பாது? இரண்டாவது முறை நடந்தபோது நான் சிரிக்கவில்லை. டாக்டர் அல்சைமர் என்றார்.

கதவுக்கு மட்டும் நீலச் சாயம் அடித்துக்கொள்ள அனுமதி கேட்டேன். முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டினார்கள். தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் அனுப்பிய பெரிய சங்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி நிலையில் தொங்கவிட்டேன். அதை மட்டும் யாரும் கழற்றச் சொல்லவில்லை, சாமி சமாசாரம் என்று நினைத்திருப்பார்கள். சங்கைப் பார்த்து இவர் வீட்டைக் கண்டுபிடிக்கிறார். முதியவர்களுக்கென்றே கட்டிய இடத்தில், மறதி வரப்போகிறவர்களைக் கட்டியவர்கள் யோசித்திருக்கவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. குடியிருப்பவர் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும் என்று. அப்படி இல்லாவிட்டால் சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது உதவிப் பிரிவுக்கு மாற வேண்டும். உதவிப் பிரிவில் இருப்பது தனி அறைகள். கணவன் மனைவி சேர்ந்து இருக்க இடமில்லை. எழுந்து நடமாடும் மறதி நோயாளிகளை அங்கே எடுப்பதும் இல்லை. அவர்களுக்கான பராமரிப்பு மையம் நகருக்குள் வேறு நிறுவனம் நடத்துவது. போன மாதம் நிர்வாகத்திலிருந்து மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மாற்று ஏற்பாடு பற்றி யோசிக்கும்படி.

அன்றாடக் காரியங்கள் என்றால் என்ன? அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. சிட்னி கட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுவது, சிறுநீரும் மலமும் அடக்குவது, எடுத்துச் சாப்பிடுவது. ஆறு காரியங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இவை கையைவிட்டுப் போகும். பெரும்பாலும் குளியல் முதலில் போகும், எடுத்துச் சாப்பிடுவது கடைசியில். குழந்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதை வயது திருப்பி எடுத்துக்கொள்கிறது. அத்தைக்கு ஒவ்வொன்றாகப் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பெயர் மட்டும்தான் அப்போது தெரியாது.

இவர் இன்றைக்கு நாலு காரியங்களைத் தானே செய்கிறார். குளிக்க வைக்க வேண்டும், சட்டை பட்டனைப் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு பதற்றம் வருகிறது. "பேங்க் சாவி எங்க?" என்று தேடுவார். சாவியை அசிஸ்டென்ட் மேனேஜரிடம் கொடுத்துவிட்டீர்கள் என்று சொன்னால் அடங்குவார். ஞாயிற்றுக்கிழமையானால் "சாளை வந்துச்சா?" என்று கேட்கிறார். பேத்தியின் பெயர் போய்விட்டது. மீன்களின் பெயர் அத்தனையும் இருக்கிறது. அதனால் இப்போது ஜன்னலைச் சாத்துவதில்லை. வாட்ஸாப்பில் எதுவும் வருவதும் இல்லை. இதையும் நான் இங்குள்ளவர்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். காபி கேட்டு வந்தால் கொடுத்து அனுப்பும் வீடுகள் இந்தத் தெருவில் இப்போது ஐந்து.

நிர்வாகத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். உதவிப் பிரிவுக்கும் போகவில்லை, நகரத்து மையத்துக்கும் போகவில்லை. பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்கிறோம். ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. மாதம் 40,000 ரூபாய்க்கு மேல் அதற்கே ஆகும். நங்கநல்லூர் ஃப்ளாட்டை விற்கச் சொல்லிவிட்டேன். மகன் வருத்தப்பட்டான், பிறகு ஒத்துக்கொண்டான். ஆறும் போனபிறகு என்ன என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்றது. எனக்கான பத்திரத்தை அப்படி எழுதிவிட்டேன். இவர் நோய் தெரிந்த அடுத்த மாதமே, நினைவு தெளிவாக இருந்த ஒரு காலை நேரத்தில், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத் தனக்கான பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேங்க் கையெழுத்து, ஒரு கோடு பிசகவில்லை.

*

தோழிக்கு என் பதில் இது.

வரலாம். ஆனால் விழுந்து எழுந்தபிறகு வராதே, அதற்கு முன்னால் வா. நட்பு பிடிக்க உடம்பில் தெம்பு வேண்டும். வாங்குவதற்கு முன் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார். கிளப் ஹவுஸைக் காட்டுவார்கள், நீ உதவிப் பிரிவைக் காட்டச் சொல். அங்கே ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ் என்று கேள். மறதி வந்தால் எங்கே அனுப்புவீர்கள் என்று கேள். கடந்த ஐந்து வருடத்துக் கட்டண உயர்வை எழுத்தில் கேள். வேலைக்காரர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேள், மேனேஜரிடம் கேட்காதே. நீ மீன் சாப்பிடுகிறவள் என்பதை முதல் நாளே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடு.

இந்த இடம் பிள்ளைகளுக்குப் பதிலாகாது. அப்படி நினைத்து வருகிறவர்கள்தான் இங்கே அதிகம் கசந்து போகிறார்கள். இது ஒரு தெரு. சாப்பாடும் நர்ஸும் உள்ள தெரு. தெருவில் கிடைப்பது கிடைக்கும். எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்திருக்கிறது.

பகல் நேர ஆள் திங்கட்கிழமை வருகிறார். ஒடிசாவில் கடற்கரைப் பக்கத்து ஊராம். மீன் சுத்தம் செய்யத் தெரியுமா என்று ஏஜென்சிக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.